டிரிப் செட்டைப் பார்க்கத் தெரியாத செல்போன்

இன்று பட்டம் பெறும் செவிலியர்களே, அவர்களைப் படிக்கவைத்த பெற்றோர்களே, ஆசிரியர்களே!

உரை நீண்டால் உங்கள் கை தானாகச் செல்போனுக்குப் போய்விடும். அதனால் அந்தச் செல்போனைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

ஒரு காலத்தில் அதை வகுப்பு வாசலிலேயே வாங்கி வைத்தோம். 2020 ஊரடங்கில் அதுவே வகுப்பறையானது. இனிப் பிடுங்கி வைத்துப் பயனில்லை. எதற்கு எடுப்பது என்றுதான் சொல்லித்தர வேண்டும்.

டென்மார்க்கின் மெட்டர்னிட்டி ஃபவுண்டேஷன் உருவாக்கிய 'சேஃப் டெலிவரி' செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு நிற்கவில்லையா, குழந்தை மூச்சுவிடாமல் பிறந்ததா, அடுத்தடுத்து என்ன செய்யவேண்டும் என்று படமாகக் காட்டும். ஒருமுறை இறக்கிக்கொண்டால் சிக்னல் தேவையில்லை. தீபத்தன்று திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நின்று வீட்டுக்குப் போன் போட்டுப் பார்த்தவர்களுக்கும், ஜவ்வாது மலைக்குப் பணிக்குப் போகிறவர்களுக்கும் இதன் அருமை புரியும்.

எத்தியோப்பியாவில் இதைச் சோதித்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. செயலி வைத்திருந்தவர்களின் அறிவும் கைத்திறனும் கூடின. 12 மாதம் கழித்தும் அது தெரிந்தது. பிறப்பை ஒட்டிய சிசு மரணம் குறைந்ததாகத் தெரிந்தாலும், அதைப் புள்ளிவிவரப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு இதில் ஏமாற்றமில்லை. இரத்தம், ஆம்புலன்ஸ், இரவுப் பணிக்குப் போதிய ஆட்கள், இவற்றை எந்தச் செயலியும் தராது.

செல்போனுக்குத் தெரியாததும் உண்டு. ஒரு கணக்கைப் பாருங்கள். 500 மில்லி சலைனை 4 மணி நேரத்தில் ஏற்றவேண்டும். மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. மைக்ரோ செட்டில் மில்லிக்கு 60 சொட்டு, அப்போது 125. செல்போன் நொடியில் சொல்லிவிடும். ஆனால் கம்பத்தில் தொங்குவது எந்த செட் என்று அதற்குத் தெரியாது. 4-க்குப் பதில் 24 என்று விரல் தவறினால் 7 சொட்டு என்று அதே தைரியத்தோடு சொல்லும். மனக்கணக்காகப் போட்டுப் பழகியவருக்குத்தான் அந்த 7 உறுத்தும். முதலில் மனதில் போடுங்கள், பிறகு செயலியில் சரிபாருங்கள்.

இன்னொன்று. படுக்கை அருகே நீங்கள் செல்போன் பார்த்தால், வாட்ஸ்அப் பார்க்கிறீர்கள் என்றுதான் நோயாளி நினைப்பார். "அம்மா, உங்க மருந்து அளவைத்தான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். முடிந்தால் திரையை அவர் பக்கம் திருப்புங்கள். தாய்ப்பால் கொடுப்பது பற்றிய வீடியோ என்றால் மாமியாரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்; வீட்டில் முடிவெடுப்பது பெரும்பாலும் அவர்தானே.

மேடையில் எடுக்கும் படங்களை இன்றிரவே எல்லாக் குழுவிலும் போடுங்கள். வார்டில் மட்டும் கேமராவைத் திறக்காதீர்கள்.