பிழைக்க வந்த பிள்ளைகள்





பென்யாமின் மலையாளத்தில் எழுதி 2008-இல் வெளிவந்த ‘ஆடுஜீவிதம்’ நாவலை உங்களில் சிலர் தமிழில் படித்திருப்பீர்கள். 2024-இல் படமாகவும் பார்த்திருப்பீர்கள். வேலை தேடிச் சவூதி போகும் கேரளத்து நஜீப், பாலைவன ஆட்டுப்பட்டி ஒன்றில் சிக்கிக்கொள்கிறார். சுத்தம் செய்யத் தண்ணீர் எடுத்ததற்கே அடி விழுகிறது. அடித்தவரும் முஸ்லிம், அடிபட்டவரும் முஸ்லிம். ஆனாலும் பாஷை தெரியாத வெளியூர்க்காரன் அங்கே மனிதனாகத் தெரியவில்லை. கடைசியில் பாலைவனத்தில் வழிகாட்டி அவரைக் கரை சேர்த்தவர் யார்? இப்ராஹீம் காதிரி என்ற சோமாலிய நாட்டுத் தொழிலாளி. அவரும் பிழைக்க வந்தவர்தான்.

நஜீபுக்காக நாம் கண் கலங்குகிறோம். நம் பிள்ளைகளும் வளைகுடாவில் இருக்கிறார்களே! சரி, நம் ஊரில் இருக்கும் நஜீப்கள்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்குச் செல்லும் சாலை நம் ஊரிலிருந்துதான் பிரிகிறது. பீகார், ஒடிசா, அஸ்ஸாம், மேற்கு வங்கத்துப் பிள்ளைகள் அதே சாலையில் ஷிப்டுக்குப் போய் வருகிறார்கள். நாம் அவர்களுக்கு வைத்திருக்கும் ஒரே பெயர் ‘வடக்கன்’.

2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. அவை பொய் என்று காவல்துறை விளக்கியது. பீகார் அரசின் குழுவும் நேரில் வந்து விசாரித்தது. வீடியோ பொய்தான், பயம் பொய்யில்லை. “பயப்படாதே தம்பி, நாங்கள் இருக்கிறோம்” என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சொன்னால், அந்தப் பயம் வாசலோடு நின்றுவிடும்.

மக்காவில் துன்புறுத்தப்பட்ட ஸஹாபாக்களுக்கு அடைக்கலம் தந்தது ஆப்பிரிக்காவின் ஹபஷா நாடு. குறைஷிகள் வந்து கேட்டும், கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி அவர்களை ஒப்படைக்கவில்லை. முதல் பாங்கு சொன்னவரோ ஹபஷா வம்சத்தவரான பிலால் (ரலி). அரபிக்கும் அரபி அல்லாதவருக்கும் இறையச்சத்தால் தவிர வேறு உயர்வில்லை என்பது நபி (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜில் தந்த படிப்பினை.

எனவே மூன்று வேண்டுகோள்கள். வீடு வாடகைக்கு விடுவோர், உள்ளூர்க்காரருக்குச் சொல்லும் அதே வாடகையை அவர்களுக்கும் சொல்லுங்கள். எந்த ஊர், எந்த மதம் என்று பார்த்துக் கதவைச் சாத்தாதீர்கள். ஜும்ஆவில் பக்கத்தில் நிற்பவரிடம் ஸலாம் சொல்லிப் பெயர் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவை விசாரிக்காமல் அனுப்பாதீர்கள்.

வெளிநாட்டில் நம் பிள்ளைகளுக்கு எப்படிப்பட்ட அண்டை வீட்டார் கிடைக்க வேண்டும் என்று துஆ செய்கிறோமோ, அப்படிப்பட்ட அண்டை வீட்டாராக நம்மை அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.