எடை குறையட்டும், தசை இருக்கட்டும்

உடல் எடையைக் குறைக்க வாரம் ஒருமுறை போடும் ஊசி மருந்துகள் இப்போது நம் ஊர் மருந்துக்கடைகளுக்கும் வந்துவிட்டன. மௌன்ஜாரோ 2025 மார்ச்சில் வந்தது, வீகோவி அதே ஆண்டு ஜூனில்.

இவை பசியை அடக்குகின்றன, எடை இறங்குகிறது. ஆனால் இறங்குவது கொழுப்பு மட்டுமல்ல. வீகோவியில் உள்ள செமாக்ளூடைடு மருந்தைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்று 2021-இல் வெளியானது. 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்திருந்தது. சிலருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், போன எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் கொழுப்பல்லாத பகுதி. அதில் தசையும் அடக்கம். பட்டினி கிடந்து இளைத்தாலும் தசை கரையும். மருந்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

அறுபதைத் தாண்டியவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடிகிறதா, பாருங்கள். அப்படி எழ உதவும் தொடைத்தசை தளர்ந்தால் தடுக்கி விழுவது எளிது.

நடைப்பயிற்சி நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. தசைக்குச் சுமை வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுங்கள். சுவரில் கை ஊன்றித் தள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குங்கள். பழகிவிட்டால் சுமையைக் கூட்டுங்கள்.

இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறதா? தசைக்குப் புரதமும் வேண்டும், அதனால் முட்டையையோ சுண்டலையோ முதலில் சாப்பிட்டுவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

ஊசி எழுதித் தரும் மருத்துவரிடம், எனக்கு ஏற்ற உடற்பயிற்சி எது என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.