பள்ளிக்கூடக் கணக்கு யார் கையில்?

(பண்டத்தரிப்புப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இவ்வூரிலே கல்வியின் பெருமையைப் பேசுவது கொல்லன் தெருவிலே ஊசி விற்பதற்கொப்பாகும். 1820 ஆம் ஆண்டிலே ஸ்கடர் என்னும் அமெரிக்க வைத்தியர் பண்டத்தரிப்பிலே வந்து தங்கிய காலந்தொட்டு இங்கே பள்ளிக்கூடமும் பாடமும் புதியனவல்ல. ஆதலின் பெருமையை விட்டுச் செலவைப் பற்றி மாத்திரம் பேச வந்துள்ளோம்.

இரண்டு முறைப்பாடுகள் எம் காதில் விழுகின்றன. உத்தியோகம் பார்ப்பவர் சொல்கிறார்: "2023 ஜனவரியிலே வருமான வரியை நூற்றுக்கு 36 வரை ஏற்றினார்கள். சம்பளம் கைக்கு வருமுன்னரே வெட்டுகின்றார்கள். அதற்குமேல் பள்ளிக்கூடத்துக்கு வசதிக் கட்டணம். பின்னேரம் ரியூசன் காசு. ஒரு பிள்ளைக்கு எத்தனை முறைதான் இறுப்பது?" கமக்காரரோ, "வரி கட்டுகிறவர் அவர்; வெங்காயம் நடுகிற எமக்கேன் இந்த வழக்கு?" என்று விலகிக்கொள்கிறார்.

முன்னவர் சொல்வதில் நியாயமுண்டு. பின்னவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். 2022 இன் முற்பகுதியில் நூற்றுக்கு 8 ஆக இருந்த பெறுமதி சேர் வரி, அவ்வாண்டிலேயே 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியிலே 18 ஆயிற்று. சவர்க்காரக் கட்டி ஒன்று வாங்கும்போது டாக்டரும் கமக்காரரும் ஒரே வரியைத்தான் இறுக்கின்றனர். இந்நாட்டு வரிப்பணத்திற் பெரும்பங்கு இவ்வாறு கடைகளிலே திரட்டப்படுவது. வரி இறுக்காதவர் இம்மண்டபத்தில் ஒருவருமில்லை. வாசலிலே கச்சான் விற்கும் அம்மையாரும் இறுக்கின்றார்.

செலவு ஏறியது மெய்தானா? ஒரு பகுதி மெய். மின்சாரக் கட்டணம் 2022 ஓகஸ்டிலே சராசரி நூற்றுக்கு 75 உம், 2023 பெப்ரவரியிலே நூற்றுக்கு 66 உம் ஏறியபோது பள்ளிக்கூட விளக்குக்கும் அவ்வாறே ஏறிற்று; பின்னர் சில தடவை குறைத்தார்கள். ஆனால் மற்றப் பகுதியை ஏற்றம் என்று சொல்வது தவறு. அது இடமாற்றம். பொதுப் பெட்டியிலிருந்து வெளிவரவேண்டிய செலவு பெற்றோரின் மடிக்கு மாற்றப்பட்டுள்ளது. அதுவே இன்றைக்கு யாம் சொல்ல வந்த பொருள்.

முன்னர் யார் கொடுத்தார்கள்? மிஷன் விடுதிப் பள்ளிகளிலே அமெரிக்காவிலுள்ள ஒருவர் ஒரு பிள்ளையின் செலவை ஏற்பார். அப்பிள்ளைக்கு அவர் பெயரையே சூட்டுவார்கள். கொடுத்தவனின் பெயரைப் பிள்ளை சாகும்வரை சுமந்தது. அந்நிலை வேண்டாமென்றே நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சைவ வித்தியா விருத்திச் சங்கம் 1923 இலே தோன்றி ஊர்தோறும் பள்ளி அமைத்தது. வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடியரிசியும் எம்மவரின் நிலமுமே அப்பள்ளிகளுக்கு மூலதனம்.

1945 ஒக்டோபரிலே கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. அதனை யாம் வாழ்த்துகின்றோம். 1960 இலும் 1961 இலும் இயற்றிய இரு சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பள்ளிகளை அரசு தன்வசப்படுத்தியது. நிலமும் கட்டிடமும் கைம்மாறின. அவ்வேற்பைப் பற்றி அந்நாளில் எழுந்த வாதங்கள் இப்போது வேண்டாம். சொத்தைப் பெற்றவன் சொத்தோடு வந்த கடமையையும் பெற்றான் என்பது சட்டம் படியாதவருக்கும் விளங்கும். பிடியரிசியில் எழுந்த கட்டிடத்தை எடுத்துக்கொண்டு, அதன் கூரைக்கு ஓடு வாங்க மறுபடியும் பிடியரிசி கேட்பது எந்த முறை?

இனி அதிகாரம் எங்கேயுள்ளது என்று பார்ப்போம். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தப்படி, தேசிய பாடசாலைகள் நீங்கலாக ஏனைய அரச பாடசாலைகள் மாகாண சபைக்குரியன. நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்ய, கொழும்பு பணம் விடுகிறது. அதில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளத்துக்குப் போய்விடுகிறது. ஆசிரியர் சம்பளத்தை யாம் குறை கூறோம், அதுவே போதாது. மிச்சத்தில்தான் மலசலகூடமும், குடிதண்ணீரும், ஆய்வுகூடமும். அந்த மிச்சத்தைப் பங்கிடும் இடத்தில் உங்கள் பிரதிநிதி இருக்கின்றாரா? 2013 செப்டெம்பரில் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலே முடிந்தது. 2025 முடியும்வரை தேர்தல் நடத்தப்படவில்லை. அத்தனை ஆண்டுகளின் மாகாண நிதிக்கூற்றும், நாம் தெரிந்தெடுத்த ஒருவர் எழுந்து "இது ஏன்?" என்று கேளாமலே, ஆளுநரின் ஒப்பத்தோடு ஓடின. வாக்கின்றி வரியில்லை என்று பிற நாட்டார் போர் தொடுத்தார்கள். நாமோ பற்றுச்சீட்டையும் கேளாதிருக்கின்றோம்.

எல்லா மக்களுக்கும் கல்வியிலே சம வாய்ப்பு என்று அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை உறுதி கூறுகின்றது. அதனைக் கொண்டு நீதிமன்றம் ஏற முடியாதென்று 29 ஆம் உறுப்புரை கதவடைக்கின்றது. வாக்குறுதி உண்டு, வழக்குரிமை இல்லை! தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 6 ஐக் கல்விக்கு ஒதுக்கக் கோரி 2012 இலே பல்கலைக்கழக ஆசிரியர்கள் மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தஞ் செய்தார்கள். அண்மை ஆண்டுகளில் ஒதுக்கியது 2 ஐயும் எட்டவில்லை.

இவ்விடைவெளியை இன்று நிரப்புவோர் கடல்கடந்த பழைய மாணவர். அவர்கள் அன்புக்கு நன்றி. எனினும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சங்கமுள்ள பெரிய கல்லூரிக்கு மண்டபம் எழுகின்றது. அத்தகைய சங்கமற்ற சிறிய வித்தியாலயத்துக்கு ஒரு கதிரையும் வருவதில்லை. முன்னர் கொடுத்தவர் பெயரைப் பிள்ளை சுமந்தது. இப்போது சுவர் சுமக்கின்றது. வேறுபாடு அவ்வளவே.

வரியைக் குறைத்தால் தீரும் என்பாருமுளர். குறைந்த வரியினால் வசதியுள்ளவர் ரியூசன் காசை மிச்சம் பிடிப்பார். கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தையே இழக்கும். எமது வழக்கு வரி கூடியது பற்றியதன்று, கணக்குக் காட்டாமை பற்றியது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு எத்தனைபேர் போகின்றீர்கள்? அதிபர் தலைவராயிருக்கும் அச்சங்கத்தில் பெற்றோர் யாவரும் உறுப்பினர். கணக்கை எழுத்திலே கேட்பது அதிபரை அவமதிப்பதாகாது. நேர்மையான அதிபர் மகிழவே செய்வார். காசு கட்டாத பிள்ளையை வகுப்பிலே எழுப்பி நிறுத்த ஒருவருக்கும் உரிமையில்லை என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

வலயக் கல்வி அலுவலகத்துக்கு வேறு வழியுண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரசையும் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு கூறவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதற்கு மேல் ஆணைக்குழுவும் உண்டு. மூன்று கேள்விகள் எழுதிவைத்துள்ளோம்: இப்பகுதிப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் சென்ற மூன்றாண்டுகளில் சம்பளம் நீங்கலாக ஒதுக்கிய தொகை எவ்வளவு? அதில் வந்துசேர்ந்தது எவ்வளவு? பெற்றோரிடம் திரட்டியது எவ்வளவு?

கடிதம் வாசலடி மேசையிலே இருக்கின்றது. தமிழிலேயே எழுதியிருக்கின்றோம். போகும்போது வாசித்துப் பார்த்து, உடன்பாடுள்ளவர்கள் பெயரும் விலாசமும் தெளிவாக எழுதிக் கையொப்பமிடுங்கள். திங்கட்கிழமை காலையிலே வலயக் கல்வி அலுவலகத்தில் நேரிற் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குவோம். கூட வர விரும்புவோர் எட்டு மணிக்குச் சந்தியிலே நில்லுங்கள்.