அணைந்த எரிமலையும் கம்மாபுரத்துக் கேள்வியும்



எரிமலைக்கும், பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய நம் கம்மாபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது, சொல்கிறேன்.

இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலுக்குள் ஒரு மலை மூழ்கிக் கிடக்கிறது. நீளம் சுமார் 400 கிலோமீட்டர், அகலம் 150. அடிவாரம் 4,800 மீட்டர் ஆழத்தில். உச்சி 1,200 மீட்டர் ஆழத்தில். நம் தொட்டபெட்டாவே அந்த மலையைவிட உயரம் குறைவு! பெயர், அஃபனாசி நிகிதின். 15-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ருஷ்ய வணிகரின் பெயர்.

அது அணைந்துபோன எரிமலை. டைனோசர் காலத்தில் கடல்தரையைப் பிளந்து வந்த குழம்பு, குளிர்ந்த நீர் பட்டதும் கரும்பாறையாக இறுகியது. மேல்மேலாகக் கொட்டி மலையானது. குழம்பு வரத்து நின்றது, சூடு ஆறியது, மலையும் தாழ்ந்தது.

கதை அங்கே முடியவில்லை. நீரோட்டம் சேறு தங்கவிடாமல் அலசும் பாறை முகத்தில், கடல்நீரில் கரைந்திருக்கும் இரும்பும் மாங்கனீசும் படிகின்றன. கூடவே கோபால்ட்டும் நிக்கலும். அந்தக் கன்னங்கரிய படிவு வளரும் வேகம் என்ன தெரியுமா? 10 லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்!

பேட்டரிக்குக் கோபால்ட் வேண்டுமல்லவா? 2024 ஜனவரியில், அங்கே ஆய்வு நடத்த உரிமை கேட்டு, ஜமைக்காவிலுள்ள சர்வதேசக் கடற்படுகை ஆணையத்திடம் இந்தியா விண்ணப்பித்தது. அந்தப் பகுதி தன் கண்டத்திட்டில் சேரும் என்கிறது இலங்கை.

இங்கேதான் நமக்கு வேலை. சுரங்கம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். பழுப்பு நிலக்கரிக்கு மேலிருக்கும் மண்ணைப் பெயர்த்து மேடுமேடாகக் கொட்டுவதைப் பார்க்கிறோம். கரிக்குக் கீழே முட்டிக்கொண்டு நிற்கும் ஊற்றுநீரை இரவுபகலாக இறைத்தால்தான் குழி தாங்கும் என்பதும் தெரியும். ஊருக்கு வெளிச்சம் வந்தது, வேலை வந்தது, வயல் போனது. ஆனால், இழப்பீடு எவ்வளவு, வேலை யாருக்கு என்று கேட்க இங்கே ஆள் இருந்தது. ஆழ்கடல் மலைகளில் வாழும் பவளத்துக்கும் கடற்பஞ்சுக்கும் பட்டா கிடையாது. அவை மனுக் கொடுக்க வராது.

தோண்டவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அங்கே என்னென்ன வாழ்கின்றன என்று முதலில் கணக்கெடுங்கள், அதை ஊரறிய வெளியிடுங்கள் என்கிறேன். பிள்ளைகளே, நாளை உங்களில் ஒருவர் நிலவியல் படித்து அந்த ஆய்வுக் கப்பலில் ஏறினால், கம்மாபுரத்துக் கேள்வியைக் கையோடு கொண்டுபோங்கள்: எடுத்த இடத்தில் திரும்ப என்ன வரும், எப்போது வரும்?