வன்தட்டில் வாய்மூடிக் கிடக்கும் தமிழ்
(ஆனைக்குட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



நம் ஆனைக்குட்டத்திற்கு அண்மையிலுள்ள சிவகாசியை வெடியாலும் தீப்பெட்டியாலும் அறிவார் பலர். அச்சுத்தொழிலாலும் பெயர்பெற்ற ஊர் அது. அங்கும் பிற ஊர்களிலும் 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கணினியில் கோக்கப்பெற்ற தமிழ்ப்பக்கங்கள் பல இன்று வன்தட்டுகளில் முடங்கிக் கிடக்கின்றன. ஊர்வரலாறு, பள்ளி ஆண்டுமலர், பாத்தொகுப்பு எனத் தாட்படி தீர்ந்துபோனவை அவற்றுள் உள. கோப்பு இருக்கின்றது, திறந்தால் தமிழைக் காணோம்!

ஏன்? எழுத்துரு வணிகர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பம்போல் தமிழெழுத்துகளுக்கு எண் வகுத்தனர். ஒருவர்க்குக் ‘க’ ஆனது மற்றவர்க்கு வேறெழுத்தாயிற்று. 1999இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தாம், தாப் என்னும் குறியீடுகள் வகுக்கப்பெற்றன. ஒருங்குறியைத் தமிழக அரசு தரமென ஏற்றதோ 2010இல்தான். அதுவரை நாம் சிதறிக் கிடந்ததற்கு இன்றும் தண்டம் கட்டுகின்றோம்.

பக்கங்களைக் கோத்த பேச்மேக்கர் மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அஃது ஓடிய விண்டோசு எக்சுபி இயங்குதளத்திற்குக் காப்புத் தருவதை மைக்ரோசாப்டு 2014 ஏப்பிரலில் நிறுத்திவிட்டது. பழங்கணினி பழுதானால் உதிரியுறுப்பும் அரிது.

இதற்கொரு வழி மெய்நிகர்ப் பொறி. புதுக்கணினியில் இலினக்சு ஓடட்டும். அதனுள் ஒரு சாளரத்தில் பழைய விண்டோசு ஓடும். விர்ச்சுவல்பாக்சு போன்ற மென்பொருள், நினைவகத்தில் ஒரு பங்கைப் பிரித்துத் தருகின்றது. வன்தட்டிலுள்ள ஒரு பெருங்கோப்பையே முழுவன்தட்டு எனக் காட்டுகின்றது. உள்ளிருப்பதோ, தான் தனிக்கணினியில் வாழ்வதாகவே கருதும். வெளியிலுள்ளதை ஓம்புநர் என்றும், உள்ளிருப்பதை விருந்தினர் என்றும் ஆங்கிலத்திலேயே அழைக்கின்றனர். விருந்தோம்பல் நமக்குப் புதிதா? ஐபிஎம் நிறுவனம் 1972இலேயே தன் பெருங்கணினிகளுக்கு இவ்வமைப்பை அறிவித்தது.

2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசும், சென்னையில் உருவான பாசு இலினக்சும் அருகருகே இருந்தமை சிலர்க்கு நினைவிருக்கலாம். அங்கே ஒன்றை மூடித்தான் மற்றொன்றைத் திறக்கவியலும். இங்கோ இரண்டும் ஒருங்கே இயங்கும்.

எக்சுபிக்கு ஒரு கிகாபைட்டு நினைவகம் போதும். கணினியின் தொடக்க அமைப்பில் மெய்நிகராக்க வசதியைத் திறந்து வைக்கவேண்டும். பழைய விண்டோசின் உரிமமும், பழைய எழுத்துருவும் நம்மிடம் இருத்தல் வேண்டும். இம்மென்பொருள் அவற்றைத் தாராது. விருந்தினர்க்கு இணையத் தொடர்பு கொடாதீர். காப்பிழந்த தளத்தில் நச்சுநிரல் எளிதிற் புகும். பகிர்வுக் கோப்புறை வழியாகவே கோப்புகளைக் கொண்டுபோங்கள்.

உள்ளே பேச்மேக்கரில் பக்கம் திறந்ததும் உரையை வெளியே எடுத்து, எழுத்துரு மாற்றியால் ஒருங்குறியாக்குங்கள். ஒற்றும் கொம்பும் இடம் மாறும். ஆகவே ஒருவர் பழம்பக்கத்தை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் திருத்தவேண்டும். உழைப்பு மிகுதியும் இங்கேதான். ஊருக்கு இருவர் போதும். கோப்புள்ள வட்டுகளை அச்சகத்தார் பழம்பொருட்கடைக்குப் போடுமுன் கேட்டு வாங்குங்கள்.