பின்னமும் நம் பங்கே

 

நமது சங்கத்திற்கு இருபத்தைந்து ஆண்டுகள் நிறைந்துள்ளன. அன்று பேரேட்டில் எழுதிய கணக்கை இன்று நம் பிள்ளைகள் கணினியில், எக்செல் அட்டவணையில் எழுதுகின்றனர். அதிலுள்ள ஒரு சிறு சூத்திரத்தைக் குறித்தே இன்று பேச விழைகின்றோம். தசமத்தை நீக்கி, எண்ணை முழு எண்ணாகக் கீழே இறக்கும் சூத்திரம் அது.

"இன்ட்" என்னும் சூத்திரத்தில் 7.9-ஐ இட்டாலும் 7.1-ஐ இட்டாலும் 7 என்றே விடை வரும். "டிரங்க்" சூத்திரமும் அவ்வாறே. "ரவுண்ட்டவுன்" சூத்திரத்தில் எண்ணுடன் 0 என்றும் சேர்த்து எழுதினால் அதே விடை கிடைக்கும். குறை எண்ணில் மட்டும் வேறுபாடு உண்டு. -2.5-ஐ இன்ட் -3 ஆக்கும். மற்றவை இரண்டும் -2 ஆக்கும். தசம இடங்களைக் குறைக்கும் பொத்தானை அழுத்துவது இதுவன்று. அது 7.9-ஐ 8 என்று காட்டும், உள்ளே 7.9 அப்படியே இருக்கும். கூட்டுத்தொகை பொருந்தவில்லையே என்று பலர் திகைப்பது இதனாலேயே.

கீழே இறக்குதல் எங்கே பொருந்தும்? 500 ரூபாயில் 35 ரூபாய் நோட்டுப் புத்தகங்கள் 14 வாங்கலாம். பதினைந்தாவதை வாங்க இயலாது. மீதமுள்ள 10 ரூபாயை "மாட்" என்னும் சூத்திரம் காட்டும். 17 வயதும் 11 மாதமும் ஆனவர் 18 நிறைந்தவர் அல்லர். இங்கெல்லாம் அச்சூத்திரம் நேர்மையானதே.

பங்கீடு என்று வரும்போது விழிப்பு வேண்டும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர்க்கு, அருந்ததியர் உள்ஒதுக்கீடு உட்பட, 18 விழுக்காடு. பிரிவுக்கு 5 பணியிடங்களாகப் பத்துப் பிரிவுகள் உள்ளன என்று கொள்வோம். 5-இல் 18 விழுக்காடு 0.9. பிரிவுதோறும் கீழே இறக்கினால் பத்து வரிகளிலும் 0; கூட்டினாலும் 0. மாறாக, 50 பணியிடங்களையும் முதலில் கூட்டிக் கணக்கிட்டால் 9! கூட்டுவதற்கு முன்னரே இறக்கியதால் ஒன்பது குடும்பங்களின் வாழ்வு ஏட்டில் மறைந்துபோகிறது. தமிழக அரசுப் பணிகளுக்குரிய 200 புள்ளி இனச்சுழற்சியில் 36 இடங்கள் பின்னமின்றி வருவதை ஈண்டு நினைவுகூர்க.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. மத்தியப் பல்கலைக்கழக ஆசிரியர் நியமனத்தில் நமக்குரியது 15 விழுக்காடு. 6 இடங்களுக்கு 0.9, 7-ஆவது இடத்தில்தான் முழு ஒன்று நிறைகிறது. துறையையே அலகாகக் கொள்ளுமாறு 2017-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சிறு துறைகளில் அந்த ஏழாவது இடம் எப்போது வரும் என்ற கேள்வி பிறந்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2019-இல் இயற்றப்பட்ட சட்டம் நிறுவனம் முழுவதையுமே ஓர் அலகாக்கியது.

இளைஞர்களே! கணக்கெழுதும் பணி உங்கள் கைக்கு வரும். முதலில் கூட்டுங்கள், இறுதியிலேயே இறக்குங்கள், மீதத்தைத் தனி வரியில் காட்டுங்கள். பிறர் எழுதிய அட்டவணையையும் திறந்து, சூத்திரத்தைப் படித்துப் பாருங்கள். அண்ணல் அம்பேத்கர் சட்ட மேதை மட்டுமல்லர். 1923-இல் ரூபாயின் சிக்கலைக் குறித்து நூல் வெளியிட்ட பொருளியல் அறிஞரும் ஆவார். அவர் வழிவந்த நாம் எண்ணைக் கண்டு அஞ்சலாகாது. பின்னம்தானே என்று விட்டுவிடவும் ஆகாது.