கிடங்கிலுக்குப் போகும் வழி



ஓர் ஊரைப் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் பணித்தபோது நான் தொலைவில் தேடவில்லை. இந்தத் திண்டிவனம் நகருக்குள் அடங்கிவிட்ட கிடங்கிலையே எடுத்துக்கொண்டேன். மக்கள் வாயில் அது இன்று கிடங்கல். கிடங்கு என்றால் அகழி. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் ஊர் அது. சங்கப் புலவர் மூவரின் பெயருக்கு முன்னே நிற்பதும் அதுவே. காவிதிக் கீரங்கண்ணனாரும் காவிதிப் பெருங்கொற்றனாரும் நற்றிணையில் இருக்கிறார்கள். குலபதி நக்கண்ணனார் குறுந்தொகையில் இருக்கிறார். கவிஞர்கள் நிறைந்த அவையில் இதைச் சொல்வதில் எனக்குச் சற்றுப் பெருமைதான்.

நல்லியக்கோடனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை. 269 அடிகள். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்ற பெயர் செய்யூர்ப் பக்கத்தில் இன்றும் வழங்குகிறது. உ.வே.சா. 1889இல் பத்துப்பாட்டை அச்சிட்டபின் அறிஞர் பலர் இந்நூலின் ஊர்களைத் தேடினர். எயிற்பட்டினம் மரக்காணம் என்றும், வேலூர் உப்புவேலூர் என்றும், ஆமூர் நல்லாமூர் என்றும் கருதினர். இவற்றோடு கிடங்கிலையும் சேர்த்தால், பாணன் நடந்த வழி நாம் நாள்தோறும் பேருந்தில் போய்வரும் வழியாகிவிடுகிறது!

அவ்வழி நெடுகச் சோறு கிடைக்கிறது. எயிற்பட்டினத்துப் பரதவர் தேறலும் சுட்ட மீனும் தருவர். வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் சூடும் உண்டு. திண்டிவனத்தின் பெயரிலேயே புளியங்காடு இருப்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறேன். ஆமூர் உழத்தியர் வெண்சோற்றை நண்டுக் கலவையோடு படைப்பர். நெய்தலும் முல்லையும் மருதமும் சில காத எல்லைக்குள் அடுத்தடுத்துக் கிடக்கும் நாட்டை நத்தத்தனார் அவ்வந் நிலத்து உணவாலேயே காட்டிவிடுகிறார்.

ஆனால் பாணன் விட்டுவந்த வீட்டில் என்ன இருந்தது? கண்விழியாக் குட்டிகள் பாலுக்கு முட்ட, தாங்கமாட்டாமல் குரைக்கும் நாய் அடுக்களையில் கிடக்கிறது. குப்பைமேட்டில் கிள்ளிய வேளைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்க்க நாணிக் கதவடைத்துக்கொண்டு உண்கிறார்கள். உப்புக்கும் வழியில்லாத வறுமை என்று பல ஆண்டுகள் வகுப்பில் விளக்கம் சொல்லிவந்தேன். மரக்காணத்து உப்பளத் தொழிலாளி வீட்டுப் பெண் ஒருத்தி ஒருநாள் எழுந்து, "எங்கள் வீட்டில் உப்பு எப்போதும் உண்டம்மா. மழைக்காலத்தில் அளத்தில் வேலையிராது. அப்போது உப்பு இருக்கும், உலையில் போட அரிசிதான் இராது" என்றாள். நான் வாயடைத்து நின்றேன். முனைவர் பட்டத்துக்காகப் படித்த உரைகளில் எதுவும் அப்போது உதவவில்லை.

அடுத்த வாரமே மரக்காணம் போனேன். அதுவரை அந்த ஊரைப் பேருந்துச் சன்னல் வழியாகவே பார்த்திருந்தேன் என்பதை இந்த அவையில் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாத்தி பாத்தியாக வெண்மை, கண் கூசுகிறது. பெண்கள் தலைச்சுமையாக உப்பைக் கூடையில் கரையேற்றுகிறார்கள். சற்றுத் தெற்கே கழுவெளி ஏரி; 2021இல் பறவைகள் காப்பகமாகி, 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்கே நின்றபோதுதான் நூலின் வேறொரு காட்சி விளங்கிற்று. பாண்டியரின் கொற்கையைப் பாடும் இடத்தில் உமணர் வண்டிகள் வருகின்றன. அவர்தம் பிள்ளைகளோடு மந்தியொன்று முத்துப் பொதிந்த கிளிஞ்சில் கிலுகிலுப்பையை ஆட்டி விளையாடுகிறது. உமணர் நெல்லுக்கு உப்பை மாற்றியவர்கள். மாற்ற நெல் இல்லாத பாணன் வீட்டுக்கு முன்னால் அந்த வண்டி நிற்காது. உப்பு விளையும் நாட்டை நோக்கி உப்பில்லாக் கீரை உண்டவனை நடக்கவிட்டிருக்கிறார் புலவர். நான் இதை ஒரு மாணவியிடமிருந்து கற்றேன்.

கிடங்கிலில் கோட்டையும் அகழியும் இருந்த சுவடுகளைத் தேடிப் போகிறவர்கள் விசாரித்துத்தான் போகவேண்டும். நூல் சொல்லும் பூந்தோட்டங்கள் இருந்த பக்கம் வீட்டுமனைகள் நெருங்கிவிட்டன. நம் வட்டத்தின் அடுத்த கூட்டத்தை மரக்காணத்து உப்பளக் கரையில் தொடங்கி, உப்புவேலூர், நல்லாமூர் வழியாகக் கிடங்கிலில் முடிக்கலாமா என்று கேட்டு அமர்கிறேன். உணவு ஏற்பாட்டைச் செயலாளர் பார்த்துக்கொள்வார்.